யானைக் காவலுக்கு வைத்த கமராவில் கோடு விழுந்தால்

வயல் கரைக்கு யானை வந்தால் போனுக்குச் செய்தி அனுப்புகிற கமரா ஒன்றை ராஸ்பெரி பை என்கிற உள்ளங்கையளவு கணினிப் பலகையில் (இனிச் சுருக்கமாக ‘பை’) செய்து பார்க்கலாம் என்று இலங்கையின் வன்னியில் இப்போது என்னைப் போலக் கொஞ்சப் பேர் வெளிக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யானையை அடையாளம் காணுகிற மென்பொருளைப் பற்றித் தேடினால் எத்தனையோ வீடியோ வரும், ஆனால் வீட்டு மேசையில் கண்ணாடி மாதிரிப் படம் காட்டிய கமரா வயலுக்குப் போனதும் ஏன் கோடு கோடாகக் காட்டுகிறது, நடுச்சாமத்தில் கமராவே இல்லை என்று ஏன் சொல்கிறது என்று விளக்க எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. ஒரு காலபோகம் (மாரி நெல் போகம்) முழுக்க இதோடு மினக்கெட்டேன். தேவையில்லாத சாமானுக்கு மட்டும் நாற்பதாயிரம் ரூபாவுக்கு மேல் போனது, அதைவிட மோசம் என்னவென்றால் கதிர் முற்றி நின்ற, காவல் கட்டாயம் வேண்டிய கிழமைகளில் கமரா படுத்துக் கிடந்தது.

மாமாவின் வயல் ஒட்டுசுட்டான் பக்கம், காட்டோரம். வேலிக்கு அந்தப் பக்கம் காடுதான். பற்றரியில் ஓடுகிற யானை வேலி இருக்கிறது, ஆனால் பழகிய யானை மரத்தை முறித்து வேலிமேல் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடும். அதனால் கதிர் வந்ததும் மாமா காவல் கொட்டிலில் யானை வெடியோடு நித்திரை முழிப்பார். அறுபது தாண்டிய மனிசன், நுளம்பும் பனியும் மழையும். அவர் கொஞ்சமாவது படுத்து எழும்பட்டும், யானை வேலிக்குக் கிட்ட வந்தால் போன் அடிக்கட்டும் என்பதுதான் என் யோசனை.

நான் வைத்தது இதுதான். ராஸ்பெரி பை 4, அதற்கு இரவில் பார்க்கிற நோஐஆர் கமரா (சோனியின் ஐஎம்எக்ஸ் 219 சென்சர், 8 மெகாபிக்சல்), 850 நானோமீற்றர் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு ஒன்று, சோலார் தகடு, 12 வோல்ட் பற்றரி, அதிலிருந்து 5 வோல்ட் எடுக்க எல்எம் 2596 பக் கன்வெர்ட்டர். பற்றரியும் கன்வெர்ட்டரும் கொட்டிலுக்குள். அங்கிருந்து ஐந்து மீற்றர் மூன்று கோர் வயர் இழுத்து வேலியோரம் நின்ற இரும்புக் கம்பத்துக்குக் கொண்டுபோனேன்: ஒரு கோரில் விளக்குக்கு 12 வோல்ட், இன்னொன்றில் பைக்கு 5 வோல்ட், மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான நெகட்டிவ். கம்பத்தின் உச்சியில் கமரா, கை எட்டுகிற உயரத்தில் பை இருக்கிற பெட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மீற்றர் நீள ரிப்பன் வயர். பார்க்க எல்லாம் வடிவாகத்தான் இருந்தது.

முதல் இரவே படத்தில் குறுக்குக் கோடுகள் வந்தன. மெல்லிய, வெளிர் ஊதாக் கோடுகள், ஒரு படத்தில் இருந்த இடத்தில் அடுத்த படத்தில் இல்லை, மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருந்தன. பகலில் அந்தக் கோடுகள் ஒன்றும் இல்லை. அதைவிட இடைக்கிடை படம் பாதியில் கிழிந்தது மாதிரி வந்து கீழ்ப்பாதி ரோஸ் நிறமாகிவிடும். சில நேரம் கமரா முழுதாக விழுந்து, பையை அணைத்துப் போட்டால்தான் திரும்ப வரும். மாமா வந்து பார்த்துவிட்டு, "உது பகலிலை நல்லாத்தானே கிடந்தது, இரவிலை என்ன வந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் பாதி விடை இருந்தது. எனக்கு அது விளங்க மாதக்கணக்கானது.

கேட்ட ஆட்கள் எல்லாரும் சொன்னது ஒன்றே: கமரா பழுது, மாற்று. மாற்றினேன், அதே கோடு. பிறகு பை பழுது என்றார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தச் சாமான்கள் விற்கிற விலை தெரியும்தானே, அதையும் கூரியரில் எடுப்பித்து மாற்றினேன், அதே கோடு. மெமரி காட் மாற்றினேன், மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். பெட்டியைத் திறந்து இரவில் டோர்ச் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டு இருக்கும்போது அழுகைதான் வந்தது, காசு போன கவலையைவிட இனி எதைப் பார்ப்பது என்று தெரியாத கவலை. வீட்டிலும் காசைக் கொண்டுபோய்க் காட்டில் கொட்டுகிறான் என்ற கதை வரத் தொடங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்திருந்தால் என் காசு மிஞ்சியிருக்கும். வீட்டில் நன்றாக வேலை செய்து வெளியில் பிழைத்தால், சாமானை மாற்ற முன் வீட்டுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கரண்ட் வருகிற வழி வேறு, வயர் நீளம் வேறு, பக்கத்தில் ஓடுகிற மெசின் வேறு. முதலாவது சோதனைக்கு ஒரு பவர் பேங்க் போதும். பையைப் பற்றரி வயரிலிருந்து முழுதாகக் கழற்றி, நெகட்டிவையும் சேர்த்துத்தான், பவர் பேங்கில் போடுங்கள். விளக்கு பழையபடி 12 வோல்ட்டில் எரியட்டும். நான் அப்படிப் போட்ட இரவு அந்த ஊதாக் கோடுகள் ஒன்றும் இல்லை. அதே கமரா, அதே இருட்டு, அதே விளக்கு வெளிச்சம். கோடு கரண்டோடுதான் வருகிறது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

ஏன் குறுக்காக விழுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சென்சர் படத்தை ஒரே அடியாக எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. ஒரு வரியில் உள்ள புள்ளிகள் எல்லாம் ஒன்றாக அளக்கப்படுகின்றன, அந்த நேரத்தில் சென்சருக்குப் போகிற மின்னழுத்தம் கொஞ்சம் ஆடினால் அந்த வரி முழுக்க வெளிறும் அல்லது கறுக்கும். அதனால் கோடு குறுக்காகவும் ஓடிக்கொண்டும் இருந்தால் பவர் பக்கம் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிற நெடுங்கோடு என்றால் அப்போதுதான் சென்சரைச் சந்தேகப்பட வேண்டும். வீட்டுக்குள் சோதிக்கிற ஆட்கள் இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது: எங்கள் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல்பு வெளிச்சம் விநாடிக்கு 100 தரம் ஏறி இறங்கும், அது படத்தில் அகலமான மங்கல் பட்டைகளாகத் தெரியும். எக்ஸ்போஷரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்குகிற நேரத்தை, 10 மில்லிசெக்கனின் மடங்காக வைத்தால் அது போய்விடும். கோடு போகாவிட்டால் அது வேறு வியாதி.

இரவில் மட்டும் வருவதற்கு இரண்டு காரணம். ஒன்று, இருட்டில் கமரா கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்குகிற அளவை, கூட்டுகிறது, இந்தச் சென்சரில் பத்து மடங்குக்கு மேல் கூட்டலாம், பகலில் கண்ணுக்குத் தெரியாத இரைச்சலும் அதோடு பத்து மடங்காகிவிடும். மற்றது நான் போட்ட மூன்று கோர் வயர். 0.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி ஐந்து மீற்றருக்கு 0.17 ஓம் அளவில் வரும். பகலில் பை மட்டும் ஒரு அம்பியர் இழுக்கும்போது போகவும் வரவுமாக 0.34 வோல்ட் விழும், 5.1 வைத்தால் பைக்கு 4.76 கிடைக்கும், சமாளிக்கும். இரவில் விளக்கு இன்னொரு அம்பியரை அதே பொது நெகட்டிவில் திருப்பி அனுப்பினால் விழுவது 0.51 ஆகிறது, பைக்கு 4.59தான் மிச்சம். பை 4.63க்குக் கீழே போனாலே மின்னழுத்தம் குறைவு என்று பதிந்து வைக்கும். ஸ்கிரீன் பூட்டியிருந்தால் மின்னல் அடையாளம் ஒன்று வரும், வயலில் ஸ்கிரீன் ஏது, அதனால் பதிவைப் போய்ப் பாருங்கள். என்னுடையதில் ஒவ்வொரு பின்னேரமும் விளக்கு பற்றிய நேரத்திலிருந்து வரிசையாக இருந்தது. விளக்குக்குள் கரண்டைக் கட்டுப்படுத்துகிற டிரைவரும் வேகமாக அணைந்து அணைந்து எரிகிற வகை, அந்த ஆட்டம் முழுக்க நெகட்டிவ் வழியாகப் பைக்குப் போயிருக்கிறது.

திருத்தம் பெரிய செலவில்லை. கன்வெர்ட்டரைக் கொட்டிலிலிருந்து எடுத்துப் பை இருக்கிற பெட்டிக்குள் வைத்து, நீள வயரில் 12 வோல்ட் கொண்டுபோங்கள், வழியில் அரை வோல்ட் போனாலும் கன்வெர்ட்டர் சமாளித்துக்கொள்ளும். விளக்குக்குப் பற்றரியிலிருந்தே தனிச் சோடி வயர். இரண்டு சோடியையும் தனித்தனியாக முறுக்கி விடுங்கள். கன்வெர்ட்டரில் 5 வோல்ட் வெளிவருகிற பக்கம் 1000 மைக்ரோபரட் கெப்பாசிட்டரும் 0.1 மைக்ரோபரட் செராமிக்கும் பக்கத்துப் பக்கமாக. மல்டிமீற்றர் 5.1 என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள், அது சராசரியைத்தான் சொல்லும், மேலே ஓடுகிற ஆட்டத்தைக் காட்டாது. அப்புறம் சோலார் தகட்டுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருக்கிற சார்ஜ் கன்ட்ரோலர் மலிவானது என்றால் அதில் பொசிட்டிவ் பொதுவாகவும் நெகட்டிவ் உள்ளே வெட்டப்பட்டும் இருக்கலாம், தகட்டின் நெகட்டிவையும் பற்றரியின் நெகட்டிவையும் எங்காவது ஒன்றாகத் தொட வைத்தால் வேறு வில்லங்கம் வரும்.

சரி, ஊதாக் கோடு போனது. கிழிந்த படமும் கமரா விழுவதும் போகவில்லை, பவர் பேங்கில் போட்டாலும் அப்படியே. அப்போது எனக்குக் கை கொடுத்தது மாமாவின் சின்ன ரேடியோ. மின்னழுத்த ஆட்டத்தை வரைந்து காட்டுகிற ஒசிலோஸ்கோப்புக்கு நாங்கள் எங்கே போவது? மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். எல்எம் 2596 விநாடிக்கு ஒன்றரை லட்சம் தரம் வெட்டுகிற சாமான், அதன் மடங்குகள் 600, 750, 900 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலாகக் கேட்கும், போலி மொடியூல் என்றால் இடம் மாறிக் கேட்கும். நான் அதைத் தேடித்தான் ரேடியோவைப் பிடித்தேன். ஆனால் அந்த இரைச்சலுக்கு மேலால் டக், டக், டக் என்று விநாடிக்கு ஒன்றாக ஒரு அடி கேட்டது. மாமா தலையைத் திருப்பாமலே சொன்னார், "அது வேலி மெசின், எப்பவும் ரேடியோவிலை உப்பிடித்தான் அடிக்கும்."

யானை வேலி மெசின் விநாடிக்கு ஒன்று அளவில், கண்மூடித் திறக்கிற நேரத்துக்கும் குறைவாக, பல ஆயிரம் வோல்ட்டை உதைத்து விடுகிறது. என் கமராக் கம்பம் அந்தக் கம்பியிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. ரிப்பன் வயருக்குள் ஓடுவது என்ன என்று பாருங்கள்: படத் தரவு ஒரு சோடியில் விநாடிக்கு 912 மெகாபிட் வேகத்தில், வெறும் 0.2 வோல்ட் அளவு ஏற்ற இறக்கத்தில் போகிறது, அதே ரிப்பனில் கமராவுக்குக் கட்டளை போகிற ஐ2சி கோடு சோடி இல்லாமல் தனியாகப் போகிறது. கமராவோடு வருகிற ரிப்பன் 15 சென்ரிமீற்றர். நான் போட்டது ஒரு மீற்றர், மூடல் ஏதும் இல்லாதது, அது அன்ரெனா வேலைதான் செய்யும். தரவில் அடி விழுந்தால் படம் கிழிகிறது, கட்டளைக் கோட்டில் விழுந்தால் கமரா பேச்சை நிறுத்திவிடுகிறது. உறுதிப்படுத்த ஒரு மத்தியானம் மாமாவைக் கேட்டு, ஆள் நின்று காவல் பார்க்க, வேலி மெசினைக் கொஞ்ச நேரம் நிறுத்தினோம். படம் ஒன்றும் கிழியவில்லை. போட்டதும் தொடங்கியது. அவ்வளவு மாதமும் அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியில் வந்தது.

இதற்கிடையில் ஒருவர் பெட்டியை எர்த் பண்ணு என்று சொல்லியிருந்தார், வேலி மெசினின் எர்த் கம்பி பக்கத்திலேயே இருந்ததால் அதில்தான் கட்டியிருந்தோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு அடியிலும் அந்தக் கம்பியே சில நூறு வோல்ட் வரை எழும்பும், மண் காய்ந்திருந்தால் இன்னும் கூட. அதில் கட்டினால் அந்த உதையை நேரே பைக்குக் கொடுக்கிறீர்கள். வேலியின் எர்த்துக்கும் வேறு எந்த எர்த்துக்கும் பத்து மீற்றராவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. புதிதாக எர்த் கம்பி இறக்குவது, வயர் புதைக்கக் கிண்டுவது எல்லாம் கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணிக்குள் மட்டும், இதை எங்கள் ஊரில் சொல்லத் தேவையில்லை, வெளியூரிலிருந்து உதவிக்கு வருகிற பொடியங்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக் கரண்டை நேரே வேலியில் கொடுக்கிற வேலையைப் பற்றி நான் கதைக்கவே போவதில்லை, அது யானையையும் கொல்லும் ஆளையும் கொல்லும், சட்டப்படியும் குற்றம்.

ரேடியோவோடு வேலி நெடுக நடந்தபோது இன்னொன்று பிடிபட்டது. சில கம்பங்களுக்குக் கிட்ட அடிச் சத்தம் திடீரென்று கூடியது. பொழுதுபட்ட பிறகு போய்ப் பார்த்தால் வெடித்த இன்சுலேற்றர் ஒன்றில் நீலப் பொறி பறக்கிறது, வேறொரு இடத்தில் கொடி படர்ந்து கம்பியில் முட்டிக்கொண்டு கிடக்கிறது. பொறி பறக்கிற இடம் ஒவ்வொன்றும் ஒரு குட்டி ரேடியோ நிலையம், எல்லா அலைவரிசையிலும் இரைச்சல் அனுப்பும். மெசினை நிறுத்திவிட்டு இன்சுலேற்றரை மாற்றிக் கொடியை வெட்டியதும் ரேடியோவில் சத்தம் நன்றாகக் குறைந்தது, வேலியிலும் வோல்ட் கூடியது. மாமாவுக்கு என் கமராவைவிட இதுதான் பெரிய சந்தோசம்.

பிறகு செய்தது எல்லாம் இடம் மாற்றுகிற வேலை. வேலியோர இரும்புக் கம்பத்தை விட்டுவிட்டு, வயலுக்குள் நன்றாகத் தள்ளி ஒரு பாலைக் கம்பு நட்டோம். கமராவையும் பையையும் ஒரே பெட்டியில் உச்சியில் வைத்து, 15 சென்ரிமீற்றர் ரிப்பனுக்குத் திரும்பினேன். உச்சிக்கு ஏறி இறங்கக் கஷ்டம்தான், ஆனால் உள்ளே போய்ப் பார்க்கிற வேலையை வைஃபையில் செய்துகொள்ளலாம். தூரம் கட்டாயம் வேண்டும் என்றால் பையைக் கமராவோடேயே விட்டு அங்கிருந்து ஈதர்நெட் வயர் இழுங்கள், அது 100 மீற்றர் வரை தாங்கும், ரிப்பனை நீட்டாதீர்கள். ரிப்பனுக்கு முதலில் கரண்ட் கடத்தாத கப்டன் டேப் சுற்றி, மேலே செப்பு டேப் சுற்றி, செப்பைப் பை பக்கத்தில் மட்டும் கிரவுண்டில் இணைத்தேன். செப்பு ரிப்பனின் முனைத் தகடுகளில் முட்டக் கூடாது, முட்டினால் கமரா அன்றே முடிந்தது. ரிப்பனைச் செருகுவதும் எடுப்பதும் பையை அணைத்த பிறகுதான், பை 4இல் நீலப் பட்டை ஈதர்நெட் துளைப் பக்கம் பார்க்க வேண்டும், கறுப்புக் கிளிப்பை இரண்டு பக்கமும் சமமாக அமத்த வேண்டும். உள்ளே வருகிற 12 வோல்ட் வயரை ஃபெரைட் வளையம் ஒன்றுக்குள்ளால் சில சுற்றுச் சுற்றி விட்டேன், பழைய மொனிட்டர் வயரில் இருக்கிற குண்டு மாதிரிச் சாமான்தான் அது, பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும்.

இந்தத் தொல்லை மறுபக்கமும் போகும். கமரா ஓடத் தொடங்கினால் ரிப்பனிலிருந்தும் இரைச்சல் வெளியே வரும், ஜிபிஎஸ் பிடிக்கிற 1575 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பக்கத்தில் இருக்கிற கமரா கெடுப்பது டிரோன் செய்கிற ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த விசயம். எனக்கு ஜிபிஎஸ் இல்லை, ஆனால் போனுக்குச் செய்தி அனுப்புகிற 4ஜி டொங்கில் (யுஎஸ்பி மொடெம்) கமரா ஓடும்போது மட்டும் சிக்னலை விட்டுவிடும். காட்டோரத்தில் இருப்பதே ஒரு கோடு சிக்னல். டொங்கிலைக் கறுப்பு யுஎஸ்பி துளையில், ஒரு மீற்றர் நீட்டு வயரில் போட்டுப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தேன், சரியாகிவிட்டது. நீலத் துளை வேண்டாம், யுஎஸ்பி 3 தானே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் போடும், வைஃபைக்கும் அது கூடாது.

காரணம் தெரியாமல் ஏதும் நடந்தால் பேய் பிடித்த சாமான் என்று தூக்கி எறிய வேண்டாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2015 இல் ராஸ்பெரி பை 2 வந்த புதிதில், பிளாஷ் போட்டுப் போட்டோ எடுத்தால் அது தானாக அணைந்தது. செனன் பிளாஷின் வெளிச்சம் பலகையில் மூடல் இல்லாமல் இருந்த ஒரு பவர் சிப்பில் பட்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள், அந்தச் சிப்பை மறைத்ததும் நின்றது. அதை வாசித்த அன்று எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது என்று சொல்ல முடியாது.

திருத்தத்துக்கு உண்மையில் போன காசு வயர், கெப்பாசிட்டர், டேப், ஃபெரைட், யுஎஸ்பி நீட்டு எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாவுக்குள். மாற்றி வைத்த இரண்டாவது கமராவும் பையும் பழுதில்லாமல் இருக்கின்றன, பக்கத்து வயல்காரர் கேட்டிருக்கிறார், அடுத்த போகத்துக்கு அவருடைய கரையில் வைக்கப் போகிறேன். மிச்சம் இருப்பது இடிமின்னல். ஐப்பசியில் பின்னேர மழையோடு வருகிற மின்னலுக்கு மேலே சொன்ன கெப்பாசிட்டரும் ஃபெரைட்டும் காணாது, அந்த நாட்களில் வானம் கறுத்ததும் கொட்டிலில் இருக்கிற இணைப்பைக் கையால் கழற்றிவிடச் சொல்லி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், அதற்காகத்தான் 12 வோல்ட் சோடிக்கும் விளக்குச் சோடிக்கும் இழுத்தால் கழருகிற பிளக் போட்டேன். நீங்களும் முதல் நாளே அதைப் போட்டுக்கொள்ளுங்கள், இருட்டில் ஸ்குரூ டிரைவர் தேடிக்கொண்டு நிற்க முடியாது.